அப்டேட் செய்யும் முன் மாற்றப் பட்டியலைப் பாருங்கள்

புதிய பதிப்பு வந்ததும் முதலில் எண்ணைக் கவனியுங்கள். 1.5.3 என்பது 2.0.0 ஆகி முதல் எண்ணே மாறியிருந்தால், நேற்றுவரை ஓடிய நிரல் இன்று நின்றுபோகலாம். பைத்தான் மொழிக்கான பாண்டாஸ் தொகுப்பில், அட்டவணையோடு வரிகளைச் சேர்க்கப் பலரும் நம்பியிருந்த ‘அப்பெண்ட்’ 2023-இல் வந்த 2.0 பதிப்பில் நீக்கப்பட்டது. 1.4 பதிப்பிலிருந்தே திரையில் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. அத்தகைய எச்சரிக்கைகளைத் தயவுசெய்து படியுங்கள்.

டெபியன், உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ‘ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ்’ நிறுவிக்கொண்டால், எவை மாறுகின்றன என்று அப்கிரேடின்போது அதுவே காட்டும்.

வெளியீட்டுக் குறிப்பு நீளமாக இருந்தால், நீக்கப்பட்டவற்றைச் சொல்லும் பகுதியை மட்டுமாவது விடாதீர்கள். பைத்தானில் ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை தரும், நிறுவிய தொகுப்புகளின் பட்டியலை அப்டேட்டுக்கு முன்பும் பின்பும் தனித்தனிக் கோப்பில் சேமித்து, ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிடுங்கள். நீங்கள் தொடாத தொகுப்பும் கூடவே மாறியிருந்தால் தெரிந்துவிடும்.