செங்காய் பிரிக்கும் கண்ணாடி

நிறக்குறை உள்ளவருக்கு உதவும் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) கண்ணாடி, பார்வைக்குப் புது நிறம் எதையும் சேர்ப்பதில்லை. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்களின் வித்தியாசத்தை வேறு வழியில் காட்டிக்கொடுக்கிறது. சிவப்பையும் பச்சையையும் உணரும் கூம்புச் செல்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்களுக்கு அது ஒன்றுதான் என்பதால் குறையும் அவர்களிடமே அதிகம். தாய்மாமனுக்கு இருப்பது மருமகனிடமும் தென்படுவது அதனால்தான்.

2014இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் கூகுள் கிளாஸுக்காகக் ‘குரோமா’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். கேமரா பிடித்த படத்தில் கேட்ட நிறத்தை மட்டும் அது எடுத்துக்காட்டும்; குழப்பும் இரு நிறங்களை விலக்கிக் காட்டும்; தேவையானால் படம் முழுவதன் நிறத்தையும் மாற்றும். கூகுள் கிளாஸ் விற்பனை 2023இல் நின்றுவிட்டாலும் அந்த வழிமுறைகள் இன்றும் பயன்படுபவை.

கிணத்துக்கடவு தினசரிச் சந்தையின் தக்காளியை வைத்துப் பார்த்தால் எந்த முறை உதவும் என்பது தெளிவாகும். வெளியூருக்குப் போகும் சரக்குக்குப் பாதி பழுத்த செங்காய் வேண்டும். அன்றே விற்பதற்குப் பழம் போதும். நன்கு பழுத்ததையும் பச்சைக் காயையும் நிறக்குறை உள்ளவர் கையால் அழுத்திப் பார்த்தே பிரித்துவிடுவார். இடறுவது செங்காயில்தான். படம் முழுவதையும் மாற்றினால் பெட்டி, சாக்கு, ஆட்கள் எல்லாமே வேறு நிறமாகிக் கண் சலித்துவிடும். சிவப்பை மட்டும் எடுத்துக்காட்டும் முறையே இங்கே சரி. விடியற்காலை மஞ்சள் விளக்கில் கேமராவும் ஏமாறும். ஆகவே, தெரிந்தவர் பிரித்துக் கொடுத்த காய், செங்காய், பழம் மூன்றையும் மாதிரியாக அதே வெளிச்சத்தில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

கண்ணாடிக்குச் செலவழிக்கும் முன் போனில் பழகிப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2016இல் ஐபோனுக்கு வெளியிட்ட ‘கலர் பைனாகுலர்ஸ்’ செயலி, குழப்பும் நிறங்களைப் பிரித்தறியக்கூடிய நிறங்களாக மாற்றிக் காட்டியது. நிறவடிகட்டிக் கண்ணாடிகள் வேறு வகை. அவற்றில் கேமராவும் இல்லை, கணக்கீடும் இல்லை. சிலருக்கு வித்தியாசம் கூடும், சிலருக்கு ஒன்றும் மாறாது.

பொள்ளாச்சி சாலையில் வண்டி ஓட்டும்போது ஏஆர் கண்ணாடி கூடாது. படம் கணநேரம் பிந்தினாலும் ஆபத்து. சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்ற வரிசையே நம்பகமானது. லேசான, நடுத்தர நிறக்குறை உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெற 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. கடுமையான குறைக்கு அந்தச் சலுகை இல்லை.