காத்மாண்டுவில் முதல் நாள்

நேபாளம் நம் அண்டை நாடு. அதன் தலைநகர் காத்மாண்டு. மிகப் பழைய நகரம்.

உத்தரப்பிரதேசத்தில் கோரக்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து கல்லூரி மாணவர்கள் 20 பேர் காத்மாண்டு போனார்கள். ஆசிரியர் ஒருவரும் உடன் போனார். மாணவர்களுக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம்.

எல்லையில் வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டினார்கள். இந்தியர் நேபாளம் போக விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருந்தால் போதும்.

இரவெல்லாம் பஸ் பயணம். விடிந்ததும் காத்மாண்டு வந்தது. எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். கடைக் கடிகாரத்தில் மணி 7. மாணவர்களின் கடிகாரத்தில் மணி 6.45.

"தீதி, உங்கள் கடிகாரம் வேகமாக ஓடுகிறதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். தீதி என்றால் அக்கா.

கடைக்கார அம்மா சிரித்தார். "இல்லை, தங்கச்சி. எங்கள் நாட்டு நேரமே உங்களைவிட 15 நிமிடம் முன்னால்" என்றார்.

பணமும் வேறு. நம் 100 ரூபாய், நேபாளத்தில் 160 ரூபாய். அந்த அம்மா கணக்குப் பார்த்துச் சரியாகச் சில்லறை கொடுத்தார்.

தெருவில் பெயர்ப் பலகைகளைப் பார்த்தார்கள். இந்தி எழுத்தும் நேபாளி எழுத்தும் ஒன்றே. அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. சில சொற்களுக்குத்தான் பொருள் புரியவில்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு பழைய அரண்மனைச் சதுக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரிய மர மண்டபம் இருக்கிறது. பெயர் காஷ்டமண்டபம். காஷ்டம் என்றால் மரம். காத்மாண்டு என்ற பெயரே இதிலிருந்து வந்தது. முன்பு இது வழிப்போக்கர் தங்கும் சத்திரம். ஒரே மரத்தால் கட்டியது என்று ஊரார் சொல்வார்கள். இதற்குள் கோரக்கநாதர் சிலை உண்டு. கோரக்பூருக்குப் பெயர் தந்தவரும் அவரே. மாணவர்களுக்கு அது சொந்த ஊர்போல் இருந்தது.

அங்கே வயதான தச்சர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, மண்டபம் மிகப் பழையது என்றார்கள். மரம் புதிதாக இருக்கிறதே?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"2015 ஏப்ரல் 25. பகல் 12 மணி ஆகப்போகும் நேரம். பூமி அதிர்ந்தது. மண்டபம் அப்படியே விழுந்தது. உள்ளே இரத்த தான முகாம் நடந்துகொண்டிருந்தது. இரத்தம் கொடுக்க வந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள்" என்றார் தச்சர்.

அந்த நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். பல ஆயிரம் வகுப்பறைகள் இடிந்தன. அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அதனால் பல பிள்ளைகள் உயிர் தப்பினார்கள்.

"பழைய கட்டடம், அதனால் விழுந்ததா?" என்று மாணவி கேட்டாள்.

"அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். அடித்தளம் ஏறத்தாழ 1,300 ஆண்டு பழையது. அது உறுதியாகவே இருந்தது. ஆனால் நான்கு பெரிய தூண்களில் ஒன்று அடிக்கல்லில் பொருந்தி நிற்கவில்லை. பிற்காலத்தில் பழுது பார்த்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. மேலே தரை போட்டு மூடிவிட்டார்கள்" என்றார் தச்சர்.

மாணவர்கள் பேசாமல் நின்றார்கள்.

மண்டபத்தை மீண்டும் கட்ட ஊர் மக்களே முன்வந்தார்கள். செங்கல், மண், சால மரம் ஆகியவற்றால் பழைய முறையிலேயே கட்டினார்கள். பரம்பரைத் தச்சர்கள் வேலை செய்தார்கள். 2022-இல் வேலை முடிந்தது.

ஒரு மாணவன் குனிந்து தூணின் அடியைப் பார்த்தான்.

"அங்கேதான் பார்க்க வேண்டும், தம்பி" என்றார் தச்சர்.

விடை சொல்லுங்கள்
1. காத்மாண்டு என்ற பெயர் எப்படி வந்தது?
2. மண்டபம் விழுந்தபோது தூணில் என்ன குறை இருந்தது?

கணக்குப் போடுங்கள்
நம் 1 ரூபாய், நேபாளத்தில் 1 ரூபாய் 60 காசு. நம் 250 ரூபாய்க்கு எவ்வளவு?

கலந்து பேசுங்கள்
உங்கள் ஊரில் பழைய மண்டபம், சாவடி, குளம் உண்டா? அதன் பழுதை யார் பார்க்கிறார்கள்?