அமாவாசை பார்த்துப் பறவை பார்க்கப் போங்க!

பினாங்குத் தண்ணீர்மலையில 513 படி ஏறி முருகனைக் கும்பிட்டுட்டு, இறங்கினதும் தண்ணி குடிச்சு, காரை எடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்பிடுறோம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரைக்கும் சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கமிருந்து பறவைங்க பினாங்குக்கு வந்து இறங்கிக்கிட்டே இருக்கு. பாதி பேர் தலையைத் தூக்கிப் பார்க்கிறதில்லை. "அதுக்கெல்லாம் பெரிய கேமரா வேணுமே அக்கா"ன்னு தயங்குற தங்கச்சிங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: காசைவிட நேரம் முக்கியம். எந்த மாசம், எந்தத் திதி, எத்தனை மணின்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

1. கோயில் அடிவாரத்திலேயே ஆரம்பிங்க

பக்கத்திலேயே 1884-ல சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கின பொட்டானிக் கார்டன் இருக்கு. காலை ஏழரைக்கு ஓடையோரம் நில்லுங்க. சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு, நீளமான வால். கல்லுக்குக் கல் தாவி, நிற்கிற இடத்திலெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டுற குருவி தெரிஞ்சா, அதுதான் வாலாட்டி, வடக்கேயிருந்து வந்தது. மரக்கிளையில அசையாம உட்கார்ந்திருந்து, திடீர்னு பறந்து பூச்சியைப் பிடிச்சுட்டுத் திரும்ப அதே கிளைக்கு வர்றது ஈப்பிடிப்பான். அதுக்குப் பின்னாடி ஓடாதீங்க. நின்ன இடத்திலேயே நில்லுங்க, அதுவே திரும்பி வரும். கையில பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். அங்கே இருக்கிற குரங்குக்குப் பைன்னாலே சாப்பாடுதான்!

2. பத்து மணிக்கு வானத்தைப் பாருங்க

கழுகு, பருந்தெல்லாம் தரை சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்பின பிறகுதான் சிறகை ஆட்டாம வட்டமிடும். அக்டோபர்ல தேன்பருந்துங்க தாய்லாந்து வழியா நம்ம தீபகற்பத்துல தெற்கு நோக்கி இறங்கும். உடம்புக்குத் தலை சின்னதா, கழுத்து நீண்டு தெரிஞ்சா தேன்பருந்து. செம்பழுப்பு உடம்பும் வெள்ளைத் தலையுமா இருந்தா நம்ம கருடன். அவர் வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிறவர்.

3. ஏரிக்கரை வேணும்னா அணைக்கட்டு

ஆயர் ஈத்தாம் அணைப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போறவங்க தண்ணி விளிம்பைக் கவனிங்க. பின்பக்கத்தை ஓயாம ஆட்டிக்கிட்டே நடக்கிற சின்ன உள்ளான் கிடைக்கும். தண்ணிக்கு மேலே தகைவிலான் குருவிங்க பூச்சி பிடிக்கும். வயிறு வெள்ளையா, மார்புல கறுப்புப் பட்டை இருந்தா வெளியூர். பட்டை இல்லாம வயிறு அழுக்கு நிறமா இருந்தா உள்ளூர்.

4. பெரிய விருந்து அக்கரையில

ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து வடக்கே தெலுக் ஆயர் தாவார். அங்கிருந்து கோலமூடா வரைக்கும் நீளுற சேற்றுக்கரை, உலக அளவுல முக்கியப் பறவைத் தலமா அடையாளம் காணப்பட்ட இடம். அழிவின் விளிம்புல இருக்கிற நோர்ட்மன் பச்சைக்காலிகூட இங்கே வந்து தங்குது.

இங்கேதான் வீட்டுச் சுவர்ல தொங்குற தமிழ்க் காலண்டர் கைகொடுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்கள்ல கடலேற்றம் உயரமா வரும். சேறு மூழ்க மூழ்க, தூரத்துல மேயுற பறவைங்க கரைக்குத் தள்ளப்பட்டு நம்ம பக்கத்துக்கே வந்துடும். அஷ்டமியை ஒட்டிப் போனா ஏற்றம் குறைவு. பறவைங்க எங்கேயோ புள்ளியாத்தான் தெரியும். ஏற்றம் உச்சம் தொடுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் உட்காருங்க. அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். அதனால போன வாரக் கணக்கு இந்த வாரம் உதவாது. கைப்பேசியில அலை அட்டவணையைப் பார்த்துடுங்க.

5. வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும்

அந்தக் கரை மேற்கு பார்த்தது. காலையில வெயில் நமக்குப் பின்னாடி, பறவையோட நிறம் பளிச்சுன்னு தெரியும். சாயங்காலம் போனா எல்லாமே கறுப்பு நிழல்தான். அதனால முற்பகல்ல ஏற்றம் வர்ற நாளாப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. செப்டம்பர், அக்டோபர்ல பினாங்குல பெரும்பாலும் மதியத்துக்கு மேலேதான் மழை பிடிக்கும். அதுக்கும் காலையே நல்லது.

6. பேருக்கு முன்னாடி அலகைப் பாருங்க

முதல் நாளே எல்லாப் பேரையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். கீழ்நோக்கி வளைஞ்ச நீள அலகு கோட்டான். நீண்டு, நுனி கொஞ்சம் மேல்நோக்கினது பட்டைவால் மூக்கன். அலகை முகம் வரைக்கும் சேத்துல புதைச்சுத் துழாவும். குட்டை அலகு உப்புக்கொத்தி. நாலடி ஓடும், சட்டுன்னு நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். ஒவ்வொரு அலகும் ஒவ்வொரு ஆழத்துக்குப் போறதால, ஒரே சேத்துல சண்டை இல்லாம எல்லாருக்கும் சாப்பாடு கிடைக்குது.

7. விரட்டிப் படம் எடுக்காதீங்க

2022-ல பட்டைவால் மூக்கன் இனத்துல அஞ்சு மாசக் குஞ்சு ஒண்ணு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாள்ல, எங்கேயும் இறங்காம, 13,560 கிலோமீட்டர் பறந்திருக்கு. இப்படிப் பறக்கிறதுக்கு உடம்புல சேர்த்து வச்ச கொழுப்புதான் எரிபொருள். நம்ம பிள்ளைங்க விளையாட்டா ஓடிக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டா, கஷ்டப்பட்டுத் தின்னது வீணாப் போகுது. பறவைங்க மேயுறதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலே நாம கிட்டப் போயிட்டோம்னு அர்த்தம். ரெண்டடி பின்னாடி வாங்க. ட்ரோன், நாய் ரெண்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

8. பையில என்ன வேணும்

8x42 பைனாகுலர் ஒண்ணு போதும். பத்து, பன்னிரண்டு மடங்குன்னு கடைக்காரர் சொல்றதைக் கேட்டு வாங்கினா, கை நடுக்கத்துல படம் ஆடும். கண்ணாடி போட்டிருக்கிறவங்க பைனாகுலரோட ரப்பர் வளையத்தை உள்ளே மடக்கிட்டுப் பாருங்க. தொப்பி, தண்ணி, கொசு மருந்து, மங்கலான நிறத்துல சட்டை. சேத்துல இறங்காதீங்க, முழங்கால் வரைக்கும் புதையும்.

9. எழுதி வைங்க

தேதி, மணி, இடம், எத்தனை பறவை – நாலும் குறிச்சு ஈபேர்ட் செயலியில போடுங்க. பேர் தெரியலைன்னா "நீள அலகு, பவள நிறக் கால்"னு எழுதினாலும் பின்னாடி கண்டுபிடிக்கலாம். ஜனவரியில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்; மலேசிய இயற்கைச் சங்கத்துக்காரங்களோட சேர்ந்து போனா, அவங்க தொலைநோக்கியிலேயும் பார்க்கலாம், காசும் மிச்சம்.

தீபாவளிக்குச் சொந்தக்காரங்க வருவாங்க, எங்கே கூட்டிட்டுப் போறதுன்னு யோசிப்பீங்க. தீபாவளியே அமாவாசையை ஒட்டித்தானே வருது, ஏற்றமும் நல்லா இருக்கும். அட்டவணையில மணியை மட்டும் பார்த்துட்டு, ஃபெர்ரிக்கு எல்லாரையும் சீக்கிரமே கிளப்புங்க.