முள் எப்போது ஏறுகிறது? கத்திரிக்கு முன் கார் வைத்திருப்போர் செய்யவேண்டியவை

மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான் என்பதால் ஏற்காடு, கொடைக்கானல், உதகை என்று குடும்பத்தோடு கார்கள் மலையேறும். கடந்த சில மாதங்களில் உங்கள் காரின் டெம்பரேச்சர் முள் ஒரே ஒரு தடவை நடுவைத் தாண்டி ஏறி, பிறகு தானாக இறங்கியிருந்தால்கூட, பயணத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் அதற்கான காரணத்தைக் கண்டுபிடியுங்கள். எப்போதும் ஹீட் ஆகும் வண்டியை யாரும் ஓட்டிக்கொண்டிருப்பதில்லை. எப்போதாவது ஹீட் ஆகும் வண்டியைத்தான் ‘இப்போது சரியாகத்தானே இருக்கிறது’ என்று ஓட்டுகிறோம். ஹெட் கேஸ்கட் போவதும் அதில்தான். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே முள் ஏறாது. அதனால் தெர்மோஸ்டாட், பிறகு ரேடியேட்டர், பிறகு வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் செலவு பெரும்பாலும் தேவையே இல்லை. எந்தச் சூழலில் சூடேறுகிறது, எந்தச் சூழலில் ஏறவில்லை என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழுது எந்தப் பக்கம் என்பது பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

‘இந்த வெயிலுக்கு எல்லா வண்டியும் சூடாகத்தான் செய்யும்’ என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ரேடியேட்டர் வெளியே தள்ளும் வெப்பம், உள்ளே ஓடும் கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி செல்சியஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்கழிக் காலையில் வெளியே 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. வேலூரிலோ கரூரிலோ மே மாத மதியம் 42 டிகிரி என்றால் வித்தியாசம் 53தான். ரேடியேட்டரும் காற்றோட்டமும் மாறாமலே குளிர்விக்கும் திறனில் கால் பங்கு குறைந்துபோகிறது. ஏசி போட்டால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் அதன் கண்டென்சர் வரும் காற்றை மேலும் சூடாக்கி அனுப்புகிறது. ஆனால் இத்தனையையும் கணக்கில் வைத்துத்தான் காரை வடிவமைக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள கார், கத்திரி வெயிலில் ஏசியோடு கிண்டி நெரிசலில் நின்றாலும் முள் நடுவிலேயே இருக்கவேண்டும். ஏறுகிறது என்றால், கையிருப்பாக இருந்த திறனை ஏதோ ஒரு பழுது முன்பே தின்றுவிட்டது. தை மாதத்திலும் அந்தப் பழுது இருந்தது, குளிர் அதை மறைத்துவிட்டது.

ஆகவே இந்த வாரமே ஒரு தாளில் குறிக்கத் தொடங்குங்கள். முள் ஏறியபோது வண்டி நின்றதா, ஓடியதா, மேட்டில் ஏறியதா, ஏசி இருந்ததா, ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரமாயிற்று என்பதுதான் வேண்டும். சிக்னலில் ஏறி, சாலையில் வேகம் எடுத்ததும் இறங்குகிறது என்றால் கோளாறு காற்றோட்டத்தில் இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நிற்கும்போது ஃபேன் ஒன்றைத்தான் நம்பியிருக்கிறோம். சோதிப்பதும் எளிது: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்துக்குள் ஃபேன் சுற்றத் தொடங்கும். கையை மட்டும் அருகே கொண்டுபோக வேண்டாம். ஒரு முறை சுற்றியதை வைத்து ஃபேன் நல்லது என்று முடிவுகட்டவும் கூடாது. தேய்ந்த கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் குளிர்ந்திருக்கும்போது ஓடும், சூடானதும் நின்றுவிடும். ரிலேயும் அப்படியே. இரண்டு வேக ஃபேனில் ரெசிஸ்டர் எரிந்துபோனால் ஒரு வேகம் மட்டும் வேலை செய்யும். இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால்தான் இவை பிடிபடும்.

நகரத்துக்குள் ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனாலோ மலையேறினாலோ மட்டும் ஏறுகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். எஞ்சின் அதிக வெப்பத்தை உண்டாக்கும் அந்த நேரத்தில் போதுமான கூலன்ட் ரேடியேட்டர் வழியாகச் சுற்றவில்லை, அல்லது சுற்றியும் ரேடியேட்டரால் வெப்பத்தைக் கழிக்க முடியவில்லை. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் ரேடியேட்டர் குழாய்களுக்குள் காரை படிந்து பாதி அடைத்திருக்கும். இங்கே முதலில் சந்தேகிக்கவேண்டியது அதைத்தான். வெளிப்பக்கத் தகடுகளுக்கு இடையே மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கலாம். பாதி திறந்து சிக்கிக்கொள்ளும் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பில் தேய்ந்த இம்பெல்லர், எஞ்சின் வேகம் கூடியதும் உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் ஆகியவை அடுத்தவை.

மலையில் மட்டும் வரும் சூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலரும் பார்ப்பதில்லை. ரேடியேட்டர் மூடி செய்யும் வேலை பிரஷர் குக்கர் மூடியின் வேலைதான். சுமார் ஒரு பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக இருந்த கார் மேலே போய்ப் பொங்கி வழிவதற்கு, விலை குறைந்த அந்த மூடி ஒன்றே போதும். அதை முதலில் மாற்றுங்கள்.

எந்த ஒழுங்கிலும் அடங்காமல் ஏறி இறங்கினால் கூலன்ட் அளவைத் தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். குறைந்துகொண்டே வருகிறது, கீழே சொட்டும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சந்தேகம் வலுக்கிறது. எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் சோதித்துச் சொல்வார்கள். ஹெட்டை இறக்குவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். முள் ஒரு நொடியில் உச்சிக்குத் தாவி அதே வேகத்தில் இறங்கினால் அது சூடே அல்ல. பல லிட்டர் கூலன்ட் ஒரு நொடியில் காய்ந்து ஒரு நொடியில் ஆறாது. சென்சார் ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘நம் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிப் போடு’ என்பது இன்றும் கேட்கும் யோசனை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் கூலன்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், அதிகச் சுமையில் சூடு கூடவே செய்யும். மற்ற நேரத்தில் எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். கூலன்டுக்குப் பதில் தண்ணீரே போதும் என்பவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் மேல். அதனால்தான் கூலன்டையும் கலக்காமல் ஊற்றக்கூடாது. ஆனால் வெறும் தண்ணீர் துருவைத் தடுக்காது, கொதிநிலையை உயர்த்தாது. கையேடு சொல்லும் வகையை, காய்ச்சி வடித்த தண்ணீரோடு, பெரும்பாலும் பாதிக்குப் பாதியாகக் கலப்பதே சரி. ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாதா என்றால், பழுது நேரும்போது இணைத்திருந்தால் மிகவும் உதவும். பல கார்களில் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், உண்மையான டிகிரியை ஸ்கேனர்தான் காட்டும். ஒர்க்‌ஷாப்பில் ஆறி நிற்கும் வண்டியில் அது ஒன்றும் சொல்லாமல் போகலாம். நீங்கள் எழுதிய தாளைக் காட்டி, அதே சூழலில் மெக்கானிக்கை உடன் வைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

இதற்குள் வழியில் முள் ஏறிவிட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்புங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர். ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் கூலன்ட் தீர்ந்துவிட்டது அல்லது ஓடவில்லை என்று பொருள். முள் சட்டென்று கீழே விழுவதும் நல்ல சேதி ஆகாது. கூலன்ட் வற்றி சென்சார் வெறும் ஆவியில் நிற்கலாம். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அலுமினிய ஹெட் வளைந்துபோகச் சில நிமிடம் போதும். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள்: திறந்த நொடியில் அழுத்தம் விடுபட்டு, நூறு டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் ஆவியாகி முகத்தில் பாயும். ஆறிய பிறகு துணியைப் போட்டு மெல்லத் திருகித் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். நிரப்பியது உடனே குறைந்தால் இழுவை வண்டியை அழையுங்கள்.