கால்குலேட்டரில் ஒரு விமானம்

மார்கழியில் ஒரு சாயங்காலம், என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்கு படித்த பையன் வீட்டுக்கு வந்தான். டிப்ளமோ முடித்துவிட்டு மந்தாரக்குப்பத்திலிருந்து ஒப்பந்த வேலைக்குப் போய்வருகிறவன். உட்கார்ந்ததும் செல்போனை எடுத்து என் முன்னால் வைத்தான். கறுப்புத் திரையில் சின்னச் சிவப்பு விமானம் கிளம்பி ஏறியது. நடுவில் 1.00 என்றிருந்த எண் 1.20, 1.45, 1.90 என்று வளர்ந்தது. 2.17 வந்தபோது விமானம் சட்டென்று மறைந்தது. எண் அப்படியே நின்றது.

"ரெண்டு வந்ததும் எடுத்துட்டா சேஃப்பு சார். என் கைதான் லேட்டாயிடுது" என்றான்.

அவன் எவ்வளவு தொலைத்தான் என்று இங்கே எழுதப் போவதில்லை. பணம் போனதற்குக் கை காரணமில்லை என்பதை அவன் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு அன்று இருவரும் செய்ததைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். தேவையானவை: ஒரு பழைய நோட்டு, பேனா, ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர். பாலிடெக்னிக் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அது எங்காவது கிடக்கும். காசு மட்டும் வேண்டாம், பத்து பைசாகூட.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த வகை ஆட்டத்துக்கு 'கிராஷ்' என்று பெயர். நம் ஊர்ப் பையன்கள் விமான கேம் என்கிறார்கள். இவற்றில் அதிகம் பரவியது ஸ்பிரைப் என்ற நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஏவியேட்டர்'. அதைப் பார்த்து ராக்கெட், பலூன் என்று எத்தனையோ வந்துவிட்டன. விமானம் கிளம்பும் முன் பணம் கட்ட வேண்டும். எண் ஏறிக்கொண்டிருக்கும்போது 'கேஷ் அவுட்' அழுத்தினால், கட்டிய பணம் அந்த எண்ணால் பெருகிக் கைக்கு வரும். அழுத்தும் முன் விமானம் போய்விட்டால் கட்டியது முழுக்கப் போச்சு.

எந்த எண்ணில் போகும் என்பது, விமானம் கிளம்பும் முன்பே கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு, கவரில் வைத்து ஒட்டிய சீட்டு. பிறகு திரையில் ஓடுவது முடிந்துபோன குலுக்கலின் படம். உங்கள் விரலையோ, நீங்கள் கட்டிய தொகையையோ அந்த எண் பார்ப்பதில்லை.

ஏவியேட்டர் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தருவதாக அந்த நிறுவனமே சொல்லும் விகிதம் 97 சதவீதம். சுழலும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 3 ரூபாய் அவர்களுக்கு. 'மூணு ரூபாய்தானே சார்' என்றுதான் அவனும் கேட்டான்.

கால்குலேட்டரில் விமானம் விடுவது

கேசியோ கால்குலேட்டர்களில் ஷிஃப்ட் அழுத்திப் புள்ளிப் பொத்தானை அழுத்தினால், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கித் தரும். 0.97 என்று அடித்து, வகுத்தல் குறி போட்டு, அந்தக் குலுக்கல் எண்ணை வையுங்கள். சமக் குறியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானம் பறந்து விழும். வருகிற விடைதான் அது விழுந்த இடம். குலுக்கலில் 0.412 வந்தால் விமானம் 2.35-இல் விழுந்தது. 0.088 வந்தால் 11.02 வரை பறந்தது. 0.731 என்றால் 1.33-இல் முடிந்தது. 0.983 வந்தால் விடை ஒன்றுக்கும் கீழே போகும். விமானம் ஓடுபாதையிலேயே நொறுங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் ஒருமுறை பூஜ்யம் வந்து கால்குலேட்டர் பிழை காட்டும். அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

97 சதவீத ஆட்டத்தின் கணக்கு இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது. விமானம் 2-ஐ எட்ட வாய்ப்பு 48.5 சதவீதம். 10-ஐ எட்ட 9.7. வெறும் 1.10-ஐ எட்டக்கூட 88 சதவீதம்தான்.

இப்போது ஒருவர் கால்குலேட்டரைப் பிடிக்க, இன்னொருவர் ஆடட்டும். ஆடுபவர் எந்த எண்ணில் எடுப்பேன் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு கொட்டை. எங்கள் பையன் 2 என்று எழுதினான். முதல் முப்பது சுற்றில் அவன் பக்கம் ஆறு கொட்டை கூடியிருந்தது. முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. நூறாவது சுற்றில் நான்கு கொட்டை குறைவாக இருந்தான்.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். நூறு சுற்று ஆடினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் லாபத்தோடுதான் எழுந்திருப்பார். 'ஆடினால் உடனே தோற்பாய்' என்று மிரட்டினால், ஜெயித்த அன்றைக்கே நம் பேச்சு மதிப்பிழந்துவிடும். ஆயிரம் சுற்று ஆடினால் ஆறில் ஒருவர்தான் லாபத்தில் நிற்பார். பத்தாயிரம் சுற்றில் ஆயிரம் பேருக்கு ஒருவர். பத்தாயிரம் மலைப்பாகத் தெரியும். சுற்றுக்கு அரை நிமிடம் என்று வைத்தால், தினம் இரண்டு மணி நேரம் ஆடுபவன் ஒன்றரை மாதத்தில் அதைத் தொட்டுவிடுவான். சுற்றுக்கு 100 ரூபாய் என்றால் அதற்குள் 10 லட்சம் சுழன்றிருக்கும். சராசரியாக 30,000 ரூபாய் போயிருக்கும்.

எங்கள் நெய்வேலியில் சுரங்கத்தின் ஊற்று நீரை இறைக்கும் மோட்டார்கள் இரவு பகலாக ஓடுவதை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. நிற்காமல் ஓடுவதால்தான் தண்ணீர் கீழே போகிறது. அந்த 3 சதவீதமும் அப்படி ஓடும் மோட்டார்தான்.

'டெக்னிக்' என்று சொல்வதைச் சோதிப்பது

1.10-இல் எடுத்துப் பாருங்கள், 10-க்குக் காத்திருந்து பாருங்கள். கொட்டை போகும் வேகம் மாறும், தாளம் மாறும். சராசரி நஷ்டம் அதே 3 தான். எந்த எண்ணில் அழுத்தினாலும் 97-க்கு மேல் வராதபடி ஆட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது 'டபுள் போடுவது'. தோற்றால் இரண்டு மடங்கு, மறுபடி தோற்றால் நான்கு மடங்கு. ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்பார்கள். 100 ரூபாயில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 12,700 ரூபாய் போயிருக்கும், எட்டாவதற்கு 12,800 வேண்டும். ஏழு முறை தொடர்ந்து தோற்பது நூற்றில் ஒருமுறைதான் நடக்கும் என்பது உண்மை. ஆனால் நூறு முறை இப்படித் தொடங்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் ஒருமுறையாவது அது நடந்திருக்க வாய்ப்பு அறுபது சதவீதத்துக்கு மேல். ஒருமுறைகூட நடக்காமல் தப்பினால் கிடைப்பது 10,000. நடந்தால் அந்த ஒரே அடியில் 12,700. இதையும் கொட்டை வைத்தே ஆடுங்கள். கிண்ணம் காலியாவதைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டியிருக்காது.

அடுத்த விமானம் எங்கே விழும் என்று சொல்வதாக டெலிகிராமில் 'சிக்னல்' விற்கிறார்கள், 'பிரடிக்டர்' ஆப் விற்கிறார்கள். ஆட்டம் நேர்மையாக நடந்தால் ஒட்டிய கவருக்குள் இருக்கும் அந்த எண்ணை வெளியிலிருந்து யாராலும் படிக்க முடியாது. படிக்க முடிகிறது என்றால் ஆட்டமே போலி. இரண்டில் எதுவானாலும் சிக்னலுக்குக் காசு கொடுப்பவருக்கு மிச்சம் இல்லை. 'சுற்று முடிந்ததும் நீங்களே சரிபார்க்கலாம்' என்று ஆப்பில் எழுதியிருப்பதும் கவர் பிரிக்கப்படவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. கவரைப் பிரிக்காமலே 3 சதவீதம் அவர்களுக்கு வருகிறதே.

சட்டம்

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதன் பிறகு வந்த தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது, சூதாட்டத் தடையை அப்படியே வைத்தது. விமான ஆட்டத்தில் திறமைக்கு இடமில்லை என்பதைக் கால்குலேட்டரே காட்டிவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால்

கோபத்தில் ஆப்பை அழித்துவிடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: கணக்கு விவரம், பணம் போன யூபிஐ முகவரிகள், ஒவ்வொரு பரிமாற்றத்தின் யூடிஆர் எண், பேசியவர்களின் வாட்ஸ்அப் செய்திகள். ஏமாற்றப்பட்டிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. பிறகு வங்கிக்கும் சொல்லுங்கள்.

'ஜெயித்த பணத்தை எடுக்க முதலில் 30 சதவீத வரி கட்டு' என்று கேட்டால் அது நூற்றுக்கு நூறு மோசடி. ஆன்லைன் ஆட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரிப் பிடித்தம் என்று சட்டத்தில் இருப்பது, ஜெயித்த தொகையிலிருந்தே கழித்துக்கொள்வதற்கு. தனியாகக் கட்டச் சொல்ல அதில் இடமில்லை. கமிஷன் தருகிறேன் என்று உங்கள் வங்கிக் கணக்கைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நாளை போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

ஆட்டத்தை விட முடியாதவர்கள் யூபிஐ வரம்பைக் குறைத்துவிட்டு, சம்பளக் கணக்கைக் கொஞ்ச காலம் வீட்டில் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத விடியற்காலைதான் ஆபத்தான நேரம் என்று அந்தப் பையன் சொன்னான். அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கடன் ஏறியவரிடம் அன்றைக்குக் கணக்குக் கேட்டுத் திட்டாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அன்றிரவு கொட்டைகளைக் கிண்ணத்தில் அள்ளிவைத்துவிட்டு அவனோடு ஆர்ச் கேட் வரை நடந்தேன். பஸ் வர இருபது நிமிடம் ஆனது. "அம்மாகிட்ட எப்படி சார் சொல்றது?" என்று இரண்டு முறை கேட்டான். நாளைக்குக் காலையில் நானும் வருகிறேன், சேர்ந்தே சொல்வோம் என்றேன். நோட்டைக் கேட்டு வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.