ரிசப்ஷன் கவுன் எப்போ வாங்கணும்? சீசன் தெரிஞ்சா பணம் மிச்சம்!



2019 ஜனவரி கடைசியில் எனக்குக் கல்யாணம். ரிசப்ஷன் கவுனுக்கு ஆர்டர் கொடுத்ததே டிசம்பர் முதல் வாரத்தில்தான். ஒயின் கலர், நெட் துணி, நிறைய கல் வேலைப்பாடு. "தை சீசன் மேடம், டெய்லர் ராத்திரி எல்லாம் உட்காரணும்" என்று கடையில் 6,000 ரூபாய் கூடுதலா கேட்டாங்க. கொடுத்தேன். கவுன் வந்தது ரிசப்ஷனுக்கு முந்தின நாள். போட்டுப் பார்த்தா கை டைட். அத்தைதான் உட்கார்ந்து தையலைப் பிரிச்சு விட்டாங்க.

மொத்தமும் கிரெடிட் கார்டு. அப்புறம் நாலு மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். ஊர் கணக்கை எல்லாம் ஆடிட் பண்ற சிஏ நான்! அந்தக் கவுன் இன்னிக்கும் பரண் மேல சூட்கேஸ்ல தூங்குது.

நீங்க அந்தத் தப்பைப் பண்ணக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

1. கவுனுக்கு ரெண்டு காலண்டர்

முதலாவது, ஃபேஷன் காலண்டர். நியூயார்க்கில் மணப்பெண் உடைகளுக்கான ஃபேஷன் வீக் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும். டெல்லியில் இந்தியா கூட்யூர் வீக் ஜூலையில். அந்த மேடைகளில் வர்ற கலரும் கட்டிங்கும் சில மாசத்தில் நம்ம ஊர் பொட்டிக்குகளில் காப்பியா தொங்க ஆரம்பிக்கும். 'புது டிசைன்' என்ற பேருக்கே அப்போ தனி விலை. அடுத்த டிசைன் வந்ததும் அதே கவுன் 'பழைய ஸ்டாக்' ஆகிவிடும். துணியும் தையலும் மாறவில்லை. விலை மட்டும்தான் மாறுது.

ரெண்டாவது, நம்ம முகூர்த்தக் காலண்டர். தை, வைகாசி, ஆவணி மாசங்களில் மண்டபமே கிடைக்காது. சர்ச் கல்யாணங்களைத் தவக்காலத்தில் பெரும்பாலும் தவிர்ப்பாங்க. அதனால் கிறிஸ்துமஸை ஒட்டியும், ஈஸ்டருக்குப் பிறகும் வெள்ளை கவுனுக்கு டிமாண்ட் ஏறும்.

இங்கே ஒரு பொறி இருக்கு. "மார்கழியில் கல்யாணமே இல்லையே, அப்போ வாங்கினா சீப்பா கிடைக்கும்" என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா தை மாசக் கல்யாணத்துக்கு எல்லாரும் தைக்கக் கொடுக்கிறதே மார்கழியில்தான்! முகூர்த்தம் இல்லாத மாசமும், கடை சும்மா இருக்கிற மாசமும் ஒண்ணு இல்லை. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போகாதீங்க. முடிஞ்ச உடனே போங்க. தை கல்யாணமா? வைகாசி, ஆனி சீசன் முடிஞ்சு ஆடித் தள்ளுபடி போடும்போதே பார்த்துடுங்க. மே மாச சர்ச் கல்யாணமா? ஜனவரி கூட்டம் குறைஞ்சதும் பிப்ரவரியிலேயே பேசி முடிங்க. டிஸ்ப்ளேல இருந்த பீஸுக்குப் பேரம் பேசலாம், ஃபிட்டிங்குக்கும் நேரம் இருக்கும்.

2. பில்லில் ஒளிஞ்சிருக்கிற ஜிஎஸ்டி

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய்க்கு மேல் இருக்கிற தைத்த உடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்னாடி இது 12. பட்டுப்புடவை தைக்காத துணிக் கணக்கில் வருவதால், என்ன விலையானாலும் 5 சதவீதம்தான்.

- 40,000 ரூபாய் கவுன்: வரி 7,200. மொத்தம் 47,200.
- 40,000 ரூபாய் பட்டுப்புடவை: வரி 2,000. மொத்தம் 42,000.

விலை கேட்கும்போதே "ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்க.

3. கார்டா, ஆர்டியா?

அந்த 47,200 ரூபாயை கார்டில் தேய்க்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். வட்டி மாசம் 3.5 சதவீதம். அந்த வட்டி மேலேயும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மாசம் 5,000 கட்டினா கடன் தீர 13 மாசம் ஆகும். மொத்தம் கட்டுறது சுமார் 61,000. அதாவது கிட்டத்தட்ட 14,000 ரூபாய் தண்டம். முதல் கல்யாண நாள் வந்து போயிருக்கும், கவுன் கடன் போயிருக்காது.

இப்போ திருப்பிப் போடுங்க. வாங்குறதுக்கு 8 மாசம் முன்னாடியே மாசம் 5,900 ஆர்டி போட்டா, 47,200 கையில் இருக்கும். வட்டி நீங்க கட்ட வேண்டாம். பேங்க் உங்களுக்குக் கொடுக்கும்.

4. அட்வான்ஸ் கொடுக்கும் முன் செக் பண்ணுங்க

- டெலிவரி தேதி கல்யாணத்துக்கு 3 வாரம் முன்னாடி இருக்கட்டும். அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்க.
- எத்தனை ஃபிட்டிங், ஆல்டரேஷன் இலவசமா, தேதி தள்ளிப்போனா அட்வான்ஸ் திரும்ப வருமா?
- வாடகைக்கு எடுத்தா: டெபாசிட் எவ்வளவு, டிரை கிளீனிங் யார் செலவு, கறை பட்டா எவ்வளவு பிடிப்பாங்க?

கடைசியா ஒண்ணு. கவுன் ஆசைப்படாதீங்கன்னு நான் சொல்லலை. அந்த ஒரு சாயங்காலம் எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அடுத்த நாலு மாசம் ஸ்டேட்மென்ட் வரும்போதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியாம போனைத் திருப்பி வெச்சேனே, அதுதான் வேண்டாம். கல்யாணத் தேதி குறிச்ச அன்னிக்கே ஆர்டியையும் ஆரம்பிச்சுடுங்க.

உங்க கல்யாண டிரெஸ் அனுபவத்தைக் கமெண்ட்ல சொல்லுங்க. கல்யாண பட்ஜெட் முழுக்க எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.