60 ஷில்லிங்

பத்தமடை

அன்புள்ள பேத்திக்கு,

ஆச்சி எழுதுவது. கப்பல் கட்டணத்தை உழைத்துக் கழிக்க அமெரிக்காவில் 4 முதல் 7 ஆண்டு வரை கட்டுண்டு கிடந்த வெள்ளைக்காரப் பெண்களைப் பற்றிப் படித்துவிட்டு, "நம்ம பக்கத்துலயும் இப்படி உண்டா ஆச்சி?" என்று கேட்டிருந்தாய். உண்டு கண்ணு.

அந்தப் பெண்கள் பட்டது கொஞ்சமில்லை. ஒப்பந்தம் முடியுமுன் பிள்ளை பெற்றால் வேலைக்காலம் நீளும். தகப்பன் எஜமானனே ஆனாலும் அவளுக்குத்தான் தண்டனை. 1662 வர்ஜீனியா சட்டப்படி இன்னும் 2 ஆண்டு. ஆனால் காலம் முடிந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றும் அங்கே 1705-இல் சட்டம் வந்தது: 15 புஷல் மக்காச்சோளம், 40 ஷில்லிங். இந்த 40-ஐ மறந்துவிடாதே.

இனி நம்ம பக்கத்துக் கதை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் கூலிகள் அதில் போனார்கள். அக்ரிமெண்ட் என்ற சொல் வாயில் தேய்ந்து 'கிர்மிட்' ஆயிற்று. 1890-களில் ஒரு கிர்மிட் 5 ஆண்டு. ஆணுக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி.

5 ஆண்டு கழிந்ததும் விடுதலையா? 1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. மறுபடி கிர்மிட் எழுது. இல்லை, ஊருக்குத் திரும்பு. இரண்டும் மாட்டாயா, ஆண்டுதோறும் 3 பவுண்டு வரி கட்டு. 1903-இல் 16 வயதுப் பையன்களையும் 13 வயதுப் பெண்பிள்ளைகளையும் இதற்குள் இழுத்தார்கள். உனக்குப் போன ஆவணியில்தான் 13 முடிந்தது.

3 பவுண்டு, 60 ஷில்லிங். மாதம் 5 ஷில்லிங் வாங்கியவளுக்கு அது எத்தனை மாதக் கூலி, நீயே வகுத்துப் பார். வர்ஜீனியாவில் வெளியேறுகிறவள் கையில் 40 ஷில்லிங் கொடுத்தார்கள்; நேட்டாலில் அவள் மடியிலிருந்தே 60 பிடுங்கினார்கள். கட்ட வழியில்லாதவள் திரும்பவும் கிர்மிட்டில்தான் விழுவாள். சட்டம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

கடல் தாண்டியவர் என்றதும் நம்மூரில், இங்கே பிறந்த சுவாமி சிவானந்தரைச் சொல்வார்கள். 1913-இல் மலாயாவுக்கு டாக்டராகப் போனார். அவரை எந்தக் கிர்மிட்டும் கட்டவில்லை. அதே ஆண்டு, ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து பெண்கள் 11 பேர், பெரும்பாலும் தமிழர்கள், நேட்டாலில் உள்ள நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அவர்கள் கிர்மிட்காரிகள் அல்ல. என்றாலும் கூலிகளிடம் இந்த 3 பவுண்டைப் பற்றியே பேசினார்கள். சுரங்கத்தில் வேலை நின்றது. பெண்களுக்கு 3 மாதக் கடுங்காவல். பாடப்புத்தகத்தில் இந்தப் போராட்டத்தை நடத்திய காந்தி இருக்கிறார், இவர்கள் இல்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

இதே போராட்டத்தில் பின்னால் சிறை போன வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள், தில்லையாடி வம்சம். நோயோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22-இல் இறந்தபோது வயது 16.

சில மாதத்தில் புதுச் சட்டம் வந்து வரியை எடுத்துவிட்டது. பழைய பாக்கியையும் யாரிடமும் வசூலிக்கவில்லை.

உன் ஆச்சி